காவேரியிலும் கொள்ளிடத்திலும் மீன்பிடிப்போர்க்கு ஏற்ற ஊன்றுகோல்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் காவேரி, கொள்ளிடம் ஆகிய இரண்டு ஆறுகளின் கரைகளையொட்டி நிலமுடைய குடியானவர்கள், ஜலம் வடிந்த காலங்களில் வீச்சுவலையோ தூண்டிலோ எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது நெடுநாளைய வழக்கம். மீன்பிடிப்பதில் விருப்பமில்லாதவர்களும் படுகை நிலத்தைப் பார்வையிடவும், மறுகரைக்கு மாடு ஓட்டவும், நீரிறைக்கும் எஞ்சினின் உறிஞ்சுகுழாயைச் சரிசெய்யவும் இடுப்பளவு ஜலத்தில் நடக்கவேண்டியவர்களாகவே இருக்கின்றனர். மண்வெட்டிக்குக் காம்பு போடுவதென்றால் இரண்டு கடை ஏறி இறங்கி மரம் பார்க்கும் நம்மவர், ஆற்று நடுவில் தம் உயிரைத் தாங்கப்போகும் கழியை மட்டும் ஆராய்வதேயில்லை. கைக்கு அகப்பட்டது எதுவோ அதையே கொண்டுபோகிறார்கள். அது பெரும்பாலும் வாழைத்தோட்டத்தில் முட்டுக்கொடுத்துப் பழசாய்ப்போன சவுக்குக் கழியாக இருக்கும்.

ஆற்றுக்கு இதைவிடத் தகாத கழி வேறில்லை என்றே சொல்லலாம். மண்ணில் ஊன்றியிருந்த கழி, மண்மட்டத்தை ஒட்டிய இடத்திலேதான் முதலில் உளுத்துப்போகும். மேலே பார்ப்பதற்குத் தோல் நன்றாயிருக்கும். உள்ளே வைரம் இராது. வாய்க்கால் கரையில் நடக்கும்போது அது முறிந்தால் விழுந்து எழுந்து போகலாம். இடுப்பளவு ஓட்டத்தில் உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்திருக்கும் சமயத்தில் முறிந்தால் விளைவு வேறு. அன்றியும் சவுக்கு கனமான மரம். காயும்போது நெடுகப் பிளவு விடுவது. நனைந்தால் கை வழுக்குவது. ஆகையால் நம் ஆறுகளுக்கு எவ்விதமான ஊன்றுகோல் வேண்டும், அதை எப்படித் தெரிந்தெடுப்பது அல்லது செய்துகொள்வது என்பதை இங்கே விவரிப்போம்.

நம் ஆறுகளின் தன்மை

கோலைப்பற்றிச் சொல்லுமுன் ஆற்றைப்பற்றிச் சில சொல்லவேண்டும். முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடம் என்றும் தெற்கே காவேரி என்றும் பெயர்பெற்று, ஸ்ரீரங்கத் தீவைச் சூழ்ந்துகொண்டு கல்லணை வரையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம் ஓடுகின்றது. இவ்விரண்டு கிளைகளும் ஒரே ஆற்றின் பிள்ளைகளாயினும் குணத்தில் ஒத்தவையல்ல. கொள்ளிடம் வாட்டம் மிகுந்தது. அதனால் ஜலத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காவேரியை வறளச்செய்து வந்தது. இதைத் தடுப்பதற்காகவே ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதுமுதல் பாசன ஜலம் காவேரி வழியாகவும், மிகுதியான வெள்ளம் கொள்ளிடத்தின் வழியாகவும் விடப்பட்டு வருகின்றது.

இதிலிருந்து மீன்பிடிப்போர் அறியவேண்டியது ஒன்று உண்டு. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபிறகு, ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கமாக ஏற்பட்டது. அணையின் இருப்பைப் பொறுத்துச் சில வருஷங்களில் இத்தேதிகள் முன்பின்னாவதும் உண்டு. திறந்த ஜலம் முக்கொம்புக்கு வந்துசேர ஏறத்தாழ மூன்று நாளாகும். இது காவேரியில் படிப்படியாக ஏறும், எல்லோரும் எதிர்பார்த்திருப்பர். கொள்ளிடமோ பல மாதங்கள் மணற்பரப்பாகவும், ஆங்காங்கே மடுக்களாகவும் கிடக்கும். அம்மடுக்களில்தான் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஜிலேபிக் கெண்டையும் ஒதுங்கியிருக்கும். ஆகவே ஜனங்கள் அங்கே போவார்கள். மேலே ஜலம் மிகுந்துவிட்டால், உபரியை எந்த நேரத்திலும் கொள்ளிடத்தில் திருப்பிவிடவேண்டி வரும். காலையில் கணுக்காலளவு இருந்த இடத்தில் மாலையில் மார்பளவு ஓடக்கூடும்.

மற்றொன்று ஆற்றின் அடித்தளம். நம்முடையது பாறை ஆறு அல்ல, மணல் ஆறு. வெள்ளந்தோறும் மணல் இடம் மாறுகிறது. 2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தின்போது, 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டதைப் பலரும் அறிவர். பின்னர் அங்கே புதிய கதவணை கட்டவேண்டியதாயிற்று. கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியதையே புரட்டும் வெள்ளம், மணலில் என்னென்ன பள்ளம் பறிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆகையால் ‘நான் சிறுவயதுமுதல் நடந்த துறை’ என்ற நம்பிக்கை ஒரு வெள்ளத்துக்குமேல் செல்லாது. இதனோடு மணல் அள்ளிய குழிகளும் சேர்ந்துகொண்டன. இயற்கையாக ஏற்பட்ட மடு, ஓரத்தில் சரிவாக இறங்கும். காலுக்குக் கொஞ்சமாவது எச்சரிக்கை கிடைக்கும். இயந்திரத்தால் வெட்டிய குழியோ சுவர்போல் நிற்கும்; அதன் விளிம்பு மிதித்தவுடன் சரியும். வண்டல் கலந்த கலங்கல் ஜலம் அதன்மேல் ஓடும்போது, முழங்காலளவு ஜலத்துக்கும் இரண்டாள் ஆழத்துக்கும் மேற்பார்வையில் யாதொரு வித்தியாசமும் தெரியாது.

கோலின் அடிப்பாகமே பிரதானம்

ஊன்றுகோலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, மூன்றாவது காலாக நின்று உடம்பைத் தாங்குவது. மற்றொன்று, கால் வைக்குமுன் அவ்விடத்தைச் சோதித்துச் சொல்வது. பாறைகள் நிறைந்த ஆறுகளில் முதல் வேலையே பெரிது. ஸ்காட்லாந்து தேசத்தில் சால்மன் மீன் பிடிப்பவர்கள் ஹேசல் என்னும் மரத்தின் கொம்பால் கோல் செய்து, கூழாங்கல்லில் வழுக்காதிருக்க அடியில் ரப்பர்க் குமிழும், மிதக்காதிருக்க ஈயக் கனமும் அமைத்துக்கொள்கிறார்கள். நம் மணல் ஆறுகளிலோ இரண்டாவது வேலையே பெரிது. நம்மவரிற் பலர் இதை யோசியாமல், கொல்லரிடம் கொடுத்துக் கழியின் அடியில் ஈட்டிமுனைபோல் கூரான இரும்பைப் பூட்டி வாங்குகிறார்கள். மண்ணில் நன்றாய்ப் பிடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். கூர்முனை கெட்டி மணலிலும் இறங்கும், புதைமணலிலும் இறங்கும். அது சொல்லும் சேதி எல்லா இடத்திலும் ஒன்றே. சேதி சொல்லாத கோல், குருடனுக்கு வழிகாட்டும் குருடனைப் போன்றது.

அடிப்பாகம் தட்டையாக இருக்கவேண்டும். எவ்வளவு அகலம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நன்றாய் வளர்ந்த ஒருவருடைய ஒரு பாதம் தரையில் படும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர அங்குலம். இரண்டரை அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர அங்குலம். அதாவது பாதத்தில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே 60 கிலோ எடையுள்ளவர், தம் எடையில் நான்கில் ஒரு பங்காகிய 15 கிலோ பாரத்தைக் கையால் கோலின்மேல் அழுத்தினால், அவர் ஒற்றைக்காலில் நின்றால் மணலின்மேல் விழக்கூடிய அழுத்தம் ஏறத்தாழ அப்படியே கோலின் அடியிலும் விழும். கோல் நின்றால் காலும் நிற்கும். கோல் இறங்கினால் காலும் இறங்கும். கோலை ஒரு தராசின்மேல் ஊன்றி இருமுறை அழுத்திப் பார்த்தால் 15 கிலோ என்பது கைக்கு எவ்வளவு என்று பழகிவிடும். இந்த வட்ட அடியை மூன்றங்குலத்துக்குமேல் அகலப்படுத்துவதும் நல்லதல்ல; களியுள்ள இடத்தில் அட்டைபோல் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. ஒட்டினால் நேரே இழுக்காமல், கோலைக் கொஞ்சம் திருகிவிட்டுத் தூக்கவேண்டும்.

தட்டை அடிக்குக் குறை ஒன்று இல்லாமலில்லை. கூர்முனைக் கோலைப்போல இதை மணலில் குத்தி நிறுத்திவிட்டு இரு கைகளாலும் வலை வீச முடியாது. அதற்கு வழி பின்னே சொல்லப்படும்.

மரம் தெரிந்தெடுத்தல்

இலேசாகவும், வளைந்துகொடுக்கக் கூடியதாகவும், முறியுமுன் சப்தமிட்டு எச்சரிக்கக் கூடியதாகவும் உள்ளது மூங்கிலே. அதிலும் கல்மூங்கில் சிறந்தது. போலீசார் வைத்திருக்கும் தடிகள் நெடுங்காலமாக இம்மூங்கிலாலேயே செய்யப்பட்டன என்றால் அதன் உறுதியை ஊகித்துக்கொள்ளலாம். ஆற்றங்கரைகளில் வேலியாக வளர்ந்திருக்கும் முள்மூங்கில் பருத்துத் துளையுள்ளது; ஏணிக்கும் பந்தலுக்கும் ஏற்றது; ஊன்றுகோலுக்கு அவ்வளவு உகந்ததல்ல. கல்மூங்கிலிலும் ஒரு பேதம் உண்டு. வறண்ட மலைச்சரிவில் விளைந்தது உள்ளே துளையின்றியோ மிகச் சிறு துளையுடனோ கெட்டியாக இருக்கும். அதையே ஈரமான வளப்பத்தில் நட்டு வளர்த்தால் துளை பெரிதாகிவிடும். ஆகவே நம் படுகையில் செழித்து வளர்ந்த குத்தைப் பார்த்து மயங்காமல், கடையில் மலைச்சரக்கு என்று கேட்டு, வெட்டுமுனையில் துளையைப் பார்த்து வாங்குதல் நலம். காப்புக்காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றமாகும்.

சொந்தத் தோட்டத்தில் வெட்டுபவர்கள் வயதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். முதல் வருஷத்துக் கழி பச்சைப்பசேலென்று வெண்மையான மாவு பூத்ததுபோலிருக்கும். கணுக்களில் பாளை ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு இதுவே அழகு. உபயோகத்துக்கு இதுவே மோசம். காய்ந்தால் சுருங்கிவிடும். மூன்று நான்கு வருஷமானது பளபளப்புக் குறைந்து, தோலில் சாம்பல் நிறப் பற்றுக்கள் படர்ந்து, விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். மழைக்காலத்தில் குருத்து விடும்போது வெட்டலாகாது. மழை நின்றபின் தையிலும் மாசியிலும் வெட்டுவது உத்தமம். தேய்பிறையில்தான் வெட்டவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படிச் செய்வதனால் கெடுதியொன்றுமில்லை. ஆயினும் வளர்பிறையில் வெட்டிய நாலு வருஷத்துக் கழி, தேய்பிறையில் வெட்டிய இளங்கழியைவிட மேலானது என்பதை மறக்கவேண்டாம். வெட்டும்போது தரைக்குமேல் முதற்கணுவையோ இரண்டாங்கணுவையோ ஒட்டி மேலே வெட்டினால், அடிக்கட்டையில் மழைநீர் தங்கிக் குத்து அழுகுவது தடுக்கப்படும்.

கழியின் அடிப்பாகத்து ஆறடியையே எடுத்துக்கொள்ளவேண்டும். அங்கேதான் சதை தடிப்பாகவும் கணுக்கள் நெருக்கமாகவும் இருக்கும். குறுக்களவு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையவும், ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படவும் வேண்டாம். நனைந்த கையால் இறுகப் பிடிக்க இதுவே அளவு.

பதப்படுத்துதல்

மூங்கிலுக்கு முதற்பகை துளைப்பான் வண்டு. கழியினுள் இருக்கும் மாச்சத்தைத் தின்னவே அது வருகிறது. மூன்று நான்கு வாரம் ஜலத்தில் ஊறப்போட்டால் இச்சத்துப் பெரும்பாலும் கரைந்து வெளியேறிவிடும். கிணற்றிலோ குட்டையிலோ போட்டால் துர்நாற்றம் உண்டாகும். ஓடும் வாய்க்காலில் கல்லேற்றி அமிழ்த்தி வைப்பது மேல். பிறகு நிழலில் செங்குத்தாக நிறுத்தி ஆறேழு வாரம் உலர்த்தவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும்.

வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்கும் முறை இக்காலத்தில் பரவியிருக்கிறது. கூரைக்கும் பந்தலுக்கும் இது மிகச் சிறந்த முறையே. ஆனால் அம்மருந்து மரத்தில் நிலையாக ஒட்டிக்கொள்வதில்லை. ஜலத்தில் கரைந்து போய்விடும். நாள்தோறும் ஆற்றில் நனையும் ஊன்றுகோலுக்கு அதனால் பயன் சொற்பம். ஊறவைத்து உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயை இலேசாகச் சூடுசெய்து இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் நன்றாய்க் காய்ந்தபின் அடுத்ததைப் பூசுவதே இதற்குப் போதுமானது. வெட்டுமுனைகள் இரண்டிலும் எண்ணெய் குடிக்கும்மட்டும் கொடுக்கவேண்டும். ஜலம் உள்ளே புகுவது அவ்வழியாகவே. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கோலருகே எறியலாகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானாகவே சூடேறித் தீப்பற்றுவதுண்டு. ஜலத்தில் நனைத்துப் பிரித்து உலர்த்திவிடுக. கோணல் இருந்தால் எண்ணெய் பூசுமுன் தணலில் சூடு காட்டி, கவட்டுமரத்தில் கொடுத்து மெல்ல நிமிர்த்தி, ஈரத்துணியால் சுற்றி ஆறவிடவேண்டும்.

அளவும் அமைப்பும்

கோலின் நீளத்துக்கு ‘மோவாய் அளவு’ என்று கொள்க. ஏறக்குறைய ஐந்தடி வரும். இடுப்பளவு ஜலம் மூன்றடி. மணலில் அழுந்துவது அரையடி. கை பிடிக்கும் இடம் மார்புக்கு நேர். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். ஆறடி, ஏழடி வைத்துக்கொண்டால் ஆழம் பார்க்க உதவுமென்று நினைக்கலாம். மார்புக்குமேல் ஆழமான இடத்தில் நாம் செல்லப்போவதில்லையாகையால் அவ்வளவு ஆழத்தை அளந்து ஆகவேண்டியதொன்றுமில்லை. நீண்ட கோலை ஓட்டம் உதைத்து நடுங்கச்செய்யும்.

அடியில் ஒரு கணுவும் தலையில் ஒரு கணுவும் மூடியிருக்கும்படி அறுக்கவேண்டும். தடித்த முனையே கீழே வருக. கொல்லரிடம் ஒன்றரை அங்குல உயரத்துக்கு இரும்புப் பூண் செய்யச்சொல்லி, சூடாக்கி ஏற்றி, குறுக்கே ஓர் ஆணி அடித்து இருபுறமும் மடக்கிவிடவேண்டும். பூணின் கீழ் இரண்டரை அங்குல வட்டத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, அதன் அடியில் பழைய லாரி டயரிலிருந்து அதே அளவு வெட்டிய ரப்பரைத் திருகாணியால் பொருத்துக. மணலில் ரப்பர் அவசியமில்லை. ஆனால் அம்மா மண்டபம் முதலிய படித்துறைகளிலும், அணைகளின் கீழுள்ள கல்தளங்களிலும் பாசி படிந்திருக்கும். அங்கே வெறும் இரும்பு வழுக்கிவிடும். பூணும் தகடும் சேர்ந்து 400 கிராம் எடையாவது இருக்கட்டும். மூங்கில் மிதக்கும் பொருள். அடியில் கனமில்லாவிட்டால் கோலை ஊன்றும்போதெல்லாம் ஓட்டம் அதைத் தூக்கும். கைவிட்டால் படுத்து மிதந்து காலைத் தட்டும். கனமிருந்தால் அடி கீழே தொங்கி நிற்கும்.

பிடிக்கும் இடத்தில் மெல்லிய கயிற்றை நெருக்கமாகச் சுற்றி முடிக்கவேண்டும். ஒரே இடத்தில் சுற்றாமல், தலையிலிருந்து அரையடி கீழே ஒன்றும், அதற்கு ஓரடி கீழே மற்றொன்றும் சுற்றினால், மேடேறும்போதும் பள்ளமிறங்கும்போதும் கையை மாற்றிக்கொள்ள உதவும். அடியிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெள்ளை வளையமும், மூன்றாவது அடியில் சிவப்பு வளையமும் வர்ணத்தால் தீட்டிவிட்டால் கோலே அளவுகோலாகிவிடும். சிவப்பு நனைந்தால் திரும்பவேண்டும் என்று ஒரு நியமம் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் சோதித்தே ஆற்றுக்குக் கொண்டுபோகவேண்டும். கோலின் இரு முனைகளையும் இரண்டு கற்களின்மேல் வைத்து, நடுவில் 30 கிலோ மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிடுக. கால் மணி நேரம் தொங்கியபின் மூட்டையை அவிழ்த்தால் கோல் பழையபடி நிமிரவேண்டும். எவ்விடத்தும் ‘படக்’ என்ற சப்தமோ கீறலோ இருக்கலாகாது. அப்படியிருந்தால் அந்தக் கழியைத் தள்ளிவிடுவதே சரி. கயிறு சுற்றிக் கெட்டிப்படுத்தலாம் என்ற பேச்சே கூடாது.

உபயோகிக்கும் முறை

நல்ல கோல் கையில் இருந்தாலும் இறங்கத்தகாத ஜலத்தில் இறங்கலாகாது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். இதற்கிடையில் ஜலம் நம்மைத் தூக்கவும் செய்கிறது. இடுப்பளவில் நிற்பவருடைய பாதத்தின்மேல் விழும் பாரம் ஏறத்தாழப் பாதிதான். தள்ளுவது கூடிக் கால் பிடிப்புக் குறைவதாலேயே, கரையிலிருந்து பார்க்கும்போது அற்பமாய்த் தோன்றும் ஓட்டம் நடுவில் ஆளைச் சாய்த்துவிடுகிறது.

இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கரையோரமாக 33 அடி, அதாவது 10 மீட்டர் அளந்து, ஒரு தேங்காய் மட்டைத் துண்டை ஓட்டத்தில் எறிந்து, அத்தூரத்தைக் கடக்க எத்தனை விநாடியாகிறதென்று கடிகாரத்தில் பார்க்கவும். ஆஸ்திரேலியாவில் வெள்ள காலத்துக்கென்று வகுத்த விதிப்படி, மீட்டர் கணக்கில் ஆழத்தையும் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தையும் பெருக்கி வரும் தொகை 0.6க்கு மேற்பட்டால் திடமான பெரியவர்களுக்கும் அபாயம் தொடங்குகிறது. இதை நம் கணக்குக்கு மாற்றினால், முழங்கால் அளவாகிய ஒன்றரையடி ஜலத்தில் மட்டை 8 விநாடிக்குக் குறைவாகவும், தொடையளவாகிய இரண்டரையடியில் 13 விநாடிக்குக் குறைவாகவும், இடுப்பளவாகிய மூன்றேகால் அடியில் 17 விநாடிக்குக் குறைவாகவும் கடந்தால் இறங்கலாகாது என்றாகும். சரியும் மணலில் நிற்பவர் இதற்கும் உள்ளடங்கியே நடக்கவேண்டும். சிறுவர்களுக்கு இக்கணக்கு உதவாது. அவர்கள் கரையிலேயே நிற்கட்டும்.

இறங்குமுன் கரையோரத்தில் நீர்மட்டத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் செய்க. கால் மணி நேரத்தில் இரண்டு விரற்கடை ஏறியிருந்தாலும் வலையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறவேண்டும். ஜலத்தில் சருகும் நுரையும் திடீரென்று மிகுவதும், தெளிந்தது கலங்குவதும் அதே அர்த்தமுள்ளவை. வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டவேண்டும். அவிழ்ந்து தொங்கும் வேஷ்டி பாய்மரம்போல் ஓட்டத்தைப் பிடிக்கும்.

ஜலத்தில் நடப்பவர் மேலாற்றைப் பார்த்து, அதாவது ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, கோலைத் தமக்கு முன்னே ஊன்றி அதன்மேல் சற்றே சாயவேண்டும். கோல் ஒன்றும் கால் இரண்டுமாக முக்காலிபோல் நிற்பதே இதன் தத்துவம். பக்கவாட்டில் நகரும்போது மூன்றில் ஒன்றை மட்டுமே பெயர்க்கலாம். மற்ற இரண்டும் ஊன்றியிருக்கவேண்டும். முதலில் கோல், பிறகு அப்பக்கத்துக் கால், கடைசியில் மற்றக் கால். கால்களைப் பின்னலாகக் குறுக்கிட்டு வைக்கலாகாது. போகும் பக்கத்தில் கோலை வைத்து முன் சொன்ன 15 கிலோ அளவு அழுத்துக. கெட்டி மணலானால் நறநறவென்று கைக்குத் தெரியும்; கோல் இரண்டு மூன்று விரற்கடைக்குமேல் இறங்காது. ஒரு சாண் இறங்கினால் அவ்விடம் உதவாது. திடீரென்று தட்டுப்படாமல் போனால் குழியின் விளிம்பில் நிற்கிறோம் என்று அறிந்து, மறுகால் எடுத்து வைக்காமல், உடம்பைத் திருப்பாமல், வந்த சுவட்டிலேயே பின்வாங்கவேண்டும். விளிம்பைச் சுற்றிப்போய்விடலாம் என்ற ஆசைதான் பலரைக் குழியில் இறக்கியிருக்கிறது.

வீச்சுவலைக்காரருக்குத் தனியாகச் சில சொல்லவேண்டும். வலைக்கயிற்றின் வளையத்தை இடக்கை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது வழக்கம். அவ்வளையம் கையை உதறினால் கழன்றுவிடும்படி தளர்வாக இருக்கட்டும். வலை அடியில் முள்ளிலோ பழைய கம்பியிலோ சிக்கி, ஆள் நிலைதவறினால், இறுகிய வளையமே யமனாகும். கோலை நாலடிக் கயிற்றால் இடுப்பு வாரில், ஓட்டம் போகும் பக்கமாகக் கட்டிக்கொண்டால் வலை வீசும்போது அது கீழாற்றுப் பக்கம் ஒதுங்கித் தொங்கும், வலையில் சிக்காது. அக்கட்டும் ஒரு நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கவேண்டும். சிலர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிறார்கள். அரைஞாண் அறுந்தால் தரித்திரம் என்று அதை அறாத கயிறாகப் போட்டிருப்பார்கள். அதனால்தான் அது இதற்கு ஆகாது. வலை வீசுமிடத்தில் இரண்டு கால்களுக்கும் உரிய இடத்தையும், பின்னே ஓரடியையும் கோலால் சோதித்த பின்னரே கோலைக் கைவிடவேண்டும்.

கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், முக்கியமாக அணைக்கரையை அடுத்த இடங்களில் முதலைகள் உண்டு. கோல் அவற்றுக்கு ஆயுதமாகாது. அங்கே இறங்காமலிருப்பதைத் தவிர வேறு உபாயமில்லை.

பலர் சேர்ந்து கடத்தல்

19ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் குடியேறிய வெள்ளையர் ஆறு கடக்கும்போது மாண்டது எத்தனை பேரென்றால், நீரில் மூழ்கிச் சாவதையே ‘நியூசிலாந்து மரணம்’ என்று அக்காலத்தில் வழங்கினார்கள். அத்தேசத்தார் கையாளும் ஒரு முறை, உத்தமர்சீலி, கிளிக்கூடு போன்ற ஊர்களில் படுகை வேலைக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் மிராசுதாரர்களுக்கு உதவும். பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள நல்ல மூங்கிலை எல்லோரும் மார்பளவில் கிடையாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். மூங்கில் ஓட்டம் போகும் திசைக்கு நேராக நீண்டிருக்கவேண்டும், குறுக்கே இருக்கலாகாது. மிகவும் பலசாலி மேலாற்று முனையில் நிற்பார். ஓட்டத்தின் மோதல் அவர்மேல் விழ, மற்றவர் அவர் நிழலில் ஒருமிக்கக் கரையை நோக்கி நடப்பர். ஒருவர் கால் தவறினாலும் மூங்கிலைப் பிடித்துத் தொங்கலாம், மற்றவர் நிற்பர்.

ஒருவர் குழியில் விழுந்துவிட்டால் உடனிருப்பவர் பாய்ந்து குதிப்பது நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. அப்படி ஒருவருக்காக இருவர் மூவர் மாண்ட குடும்பங்கள் உண்டு. கரையிலோ கெட்டி மணலிலோ குப்புறப் படுத்துக்கொண்டு ஊன்றுகோலை நீட்டுவதே செய்யத்தக்கது. நின்றுகொண்டு நீட்டினால் மூழ்குகிறவர் இழுப்பில் நாமும் உள்ளே போவோம். கோல் எட்டாவிட்டால் வலைக்கயிற்றை எறியலாம். காலி பிளாஸ்டிக் குடத்தை மூடிக் கயிற்றில் கட்டி எறியலாம்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

வெள்ளம் வடிந்ததும் துறைகளையும் கால்நடை இறங்கும் இடங்களையும் இவ்விதக் கோலால் ஒருமுறை சோதித்து, பள்ளமுள்ள இடங்களில் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நடச்செய்தால் பல உயிர்கள் தப்பும். இது ஒரு பகல் வேலைதான். ஆழத்தை வளையங்களால் பார்த்து அடிக்கணக்கில் எழுதி வைத்தால், மணற்குழியைப்பற்றி மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பும்போது ‘ஆழமாக இருக்கிறது’ என்பதைவிட ‘கரையிலிருந்து 40 அடியில் 9 அடி ஆழம்’ என்பது எடுபடும். ஆழமான இடத்தை அளக்க நீண்ட மூங்கிலைக் கரையிலிருந்தோ பரிசலிலிருந்தோ பயன்படுத்தவேண்டும். ஊன்றுகோலுடன் இறங்கி அளக்க முற்படலாகாது. தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் அரசாங்கம் நிறுத்திவிட்டபடியால், கொள்ளிடத்தில் உபரி திறக்கும் சேதியை ஒலிபெருக்கி வாயிலாகவும், படுகையில் தங்கியிருப்பவர்களுக்குக் கிராம உதவியாளர் நேரில் சென்றும் தெரிவிக்கவேண்டியிருக்கிறது. படுகைக் கொட்டகையில் இரவு தங்குபவர்கள் யார் யார், அவர்கள் கைப்பேசி எண் என்ன என்று ஒரு ஜாபிதா தயாராயிருந்தால் அவ்வேலை எளிதாகும்.

பாதுகாத்தல்

ஆற்றிலிருந்து வந்தவுடன் கோலை நல்ல ஜலத்தில் கழுவி, நிழலில் உலர்த்தி, தாழ்வாரத்தில் இரண்டு முளைகளின்மேல் கிடையாக வைக்கவேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். தரையில் போட்டால் கரையான் பிடிக்கும். வருஷத்துக்கொருமுறை, மேட்டூர் மூடியபின் மாசியில், எண்ணெய் பூசி மணல்மூட்டைச் சோதனையை மறுபடி செய்க. கழியில் வண்டுத் துளையும் அதன் கீழே மஞ்சள் மாவும் காணப்பட்டாலும், ஒரு கணுவைத் தாண்டி மறு கணுவுக்குப் பிளவு ஓடியிருந்தாலும் அதை ஆற்றுக்குக் கொண்டுபோவது முடிந்தது. மூங்கில் உலர உலரப் பூண் தளரும். இறங்குமுன் பூணைக் கையால் திருகிப் பார்த்து, சுழன்றால் ஆணியை மாற்றி, இடைவெளியில் ஆப்பு இறக்கிய பின்னரே எடுத்துச் செல்லவேண்டும்.